பந்தயம் தள்ளிப்போன வருடம்

“சைக்கிள்ல வந்த பொண்ணு கூப்டறான்னு நெறமாச மருமவள அனுப்பி வெச்சிடுவாங்களா? உங்க வூட்ல பெரியவங்க யாருமே இல்லியா?”

அக்காவின் மாமியார் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினான்கு வயது. அவர் வாசற்படியில் நின்றிருந்தார். நான் தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி, வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்ட முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். என் தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் வளையல்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பரீட்சை எழுதாமலே ஒன்பதாவது பாஸான என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நம்மை இன்றைக்கும் ‘கொரோனா பாஸ்’ என்கிறார்கள். அந்த வருடம் நாம் எதையும் கற்கவில்லையாம். எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. அக்கா எழுத்துக் கூட்டத் தொடங்கியபோதே நாற்று நட அழைத்துப் போய்விட்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒன்பதாவது வரை போன முதல் ஆள் நான். ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. நான் அந்த வருடம் சைக்கிள் பந்தயம் பார்த்தேன். அதிலிருந்து படித்ததைத்தான் இன்றைக்கு என் பிழைப்பாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெரு பாகூர் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கடைசித் தெரு. அதில் ஒரே ஒரு மாடி வீடு. அதைச் ‘சொல்தா வூடு’ என்பார்கள். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய மனைவி மட்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருந்தார். எங்களுக்கு அவர் பெரியம்மா. அம்மா அங்கே பாத்திரம் தேய்த்தார். பெரியம்மாவின் மகன் பிரான்சில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். மாசி மகத்துக்கு வந்தவர் இங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தும், தன் அம்மாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிட்டார்.

அவருக்குச் சைக்கிள் பந்தயப் பைத்தியம். பிரான்சில் ஜூலை மாதம் மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு, வருடா வருடம் ஒரு மலைப்பாதை ஓரம் கூடாரம் அடித்து இரண்டு நாள் காத்திருப்பாராம். சைக்கிள்கள் வந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் போய்விடுமாம்.

“அரை நிமிஷத்துக்கு ரெண்டு நாளா?” என்றார் அம்மா, சாம்பல் கையோடு. “வில்லியனூர் தேரு கூட நின்னு நிதானமா மூஞ்சக் காட்டிட்டுப் போவுமே தம்பி.”

அந்த மலைப்பாதையில் ஒரு வீரர் குடித்துவிட்டு வீசிய தண்ணீர் பாட்டிலை அவர் ஜன்னலில் வைத்திருந்தார். வெள்ளை பாட்டில், கடிபட்ட மூக்கு. தொட்டுப் பார்க்கக் கேட்டால், “கண்ணால பாரு” என்பார். ஜன்னல் மேடையில் லேப்டாப்பை வைத்து அவர் பந்தயம் பார்க்கும்போது நான் வெளியே நின்று கம்பி வழியாகப் பார்ப்பேன்.

“உனக்கு இன்னா புரியுதுன்னு பாக்குற? நீ ரேஷன் கடைக்கு மிதிக்கிற சைக்கிளும் இதுவும் ஒண்ணா?”

என் சைக்கிளை, அப்பா சேதராப்பட்டுக் கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கி வந்திருந்தார். பெல் கிடையாது. செயின் உறை ஒரு பக்கம் தொங்கி, மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று தட்டும். ஆனால் பின்னால் அகலமான கேரியர் உண்டு. லேப்டாப்பில் ஓடிய எந்தச் சைக்கிளுக்கும் கேரியர் இல்லை. அவர்கள் சுமப்பதற்கு எதுவுமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தவறு என்று பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. ஓர் அணியில் ஒருவர்தான் ஜெயிப்பதற்காக ஓட்டுவார். மற்றவர்கள் பின்னால் காருக்குப் போய், சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு முன்னால் வந்து எல்லாருக்கும் தண்ணீர் தருவார்கள். காற்றுக்கு மறைப்பாக முன்னால் ஓட்டுவார்கள். பாதையோரம் நிற்கும் ஆட்கள் சாப்பாட்டைத் துணிப்பையில் நீட்டுவார்கள். ஓடுகிற சைக்கிளிலிருந்து அதைக் கையில் பிடித்துத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். யாரும் நிற்பதில்லை. எனக்கு ஜெயிப்பவரைவிடத் தண்ணீர் கொண்டுவருபவரைத்தான் பார்க்கப் பிடித்தது. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

மாசியில் அவர் வந்திறங்கிய புதிதில் ஒரு செய்தியைச் சொல்லிச் சிரித்தார். வளைகுடா நாட்டில் நடந்த ஒரு பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, வீரர்களை எல்லாம் ஹோட்டலில் அடைத்துவிட்டார்களாம். ஏதோ காய்ச்சலாம். நாங்களும் சிரித்தோம். அதே வாரம் அக்கா போன் செய்து நாள் தள்ளிப்போயிருப்பதாகச் சொன்னாள். அம்மா போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்து வந்தார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் எங்கள் தெருவின் பின்னால் நின்றால் தெரியும். நாங்கள் கூலிக்கு நடும் வயல், ஒரு வாய்க்கால், செங்கல் சூளை, அப்புறம் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. எங்கள் பக்கம் இப்படித்தான். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. அதுவரை யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை, சாராயம் வாங்குகிறவர்களைத் தவிர.

பங்குனியில், பிரான்சில் ஒரு வாரப் பந்தயத்தைக் கடைசி நாளுக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு எதுவும் இல்லை. இங்கே தார்ச்சாலையின் குறுக்கே சவுக்குக் கழிகளைக் கட்டினார்கள். இந்தப் பக்கம் எங்கள் போலீஸ், அந்தப் பக்கம் அவர்கள் போலீஸ். அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது.

சித்திரையில் ஒரு விசித்திரம் நடந்தது. வீரர்கள் அவரவர் வீட்டிலேயே ஒரு தாங்கியில் சைக்கிளை மாட்டி மிதித்துப் பந்தயம் விட்டார்கள். ஒருவர் பால்கனியில், ஒருவர் கார் நிறுத்தும் கொட்டகையில். சொட்டச் சொட்ட வியர்வை. சைக்கிள் ஓர் அங்குலம் நகரவில்லை.

“நிக்கிற சைக்கிள மிதிக்கிறானுங்களே,” என்றார் அம்மா. “அதுல கெணத்துக் கவலைய மாட்டி வுட்டா வயலுக்காவது தண்ணி பாயும்.”

சொல்தா வீட்டு அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதம் அவர் சிரித்தது அது ஒருமுறைதான். கிடங்கு வேலை போய்விட்டதாக அவருக்குச் செய்தி வந்திருந்தது.

அப்பாவின் கம்பெனியும் மூடிக்கிடந்தது. சேதராப்பட்டில் இருந்த வடக்கத்தி ஆட்கள் மூட்டையோடு சாலையில் நடந்து போனார்கள் என்று அப்பா சொல்வார். வைகாசியில் டிவியில் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். கிட்டத்தட்ட என் வயது. அடிபட்ட அப்பாவைப் பழைய சைக்கிளின் கேரியரில் உட்காரவைத்து, டெல்லிப் பக்கத்திலிருந்து பீகார் வரை மிதித்துப் போனவள். நான் ஓடிப்போய் ஜன்னலில் சொன்னேன்.

“அது பந்தயம் இல்ல. கஷ்டம்,” என்றார் அண்ணன்.

எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது அக்காவின் மாதக் கணக்கைச் சொல்ல வேண்டும். எங்களில் முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில், பிறந்த வீட்டிலிருந்து ஆள் போய், வாசலில் நின்று முறையாகக் கூப்பிட்டு, வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். கூப்பிடாமல் பெண் வந்தால் அவளுக்கு மானக்கேடு. கூப்பிட வருமுன் மாமியார் அனுப்பினால் அந்த வீட்டுக்கு மானக்கேடு. ஐந்தாம் மாதம் தடுப்பு இறுகியிருந்தது. ஏழாம் மாதம் ஆடியில் வந்து விழுந்தது. ஆடியில் வளையல் போட மாட்டார்கள். எட்டாம் மாதம் இரட்டைப்படை, நகர்த்தவே கூடாது.

“ஒம்பதுல இட்டாந்துடலாம்,” என்றார் அம்மா. முன்கூட்டியே பாகூரில் வளையல் வாங்கி, கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பையோடு ஆணியில் மாட்டிவைத்தார். பச்சையும் சிவப்பும் கலந்த கண்ணாடி வளையல்கள். அக்காவின் மணிக்கட்டு மெலிந்தது என்பதால் சின்ன அளவு. காற்றடித்தால் பைக்குள் கிணுகிணுக்கும்.

ஆடிக் கடைசியில் பந்தயங்கள் திரும்பத் தொடங்கின. ஜூலைப் பந்தயத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பல மாதமாக அடைபட்டுக் கிடந்தவர்கள் வெறியோடு ஓட்டினார்கள். பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிய மறுநாள், போலந்தில் ஒரு பந்தயம். முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் இன்னொருவரை நெருக்க, அவர் ஓரத் தடுப்பில் மோதித் தடுப்போடு பறந்தார். அண்ணன் லேப்டாப்பைச் சட்டென்று மூடிவிட்டார். அடுத்த வாரம் இத்தாலியில் இன்னொரு பையன், பாலத்துச் சுவரில் இடித்துப் பள்ளத்துக்குள் விழுந்தான். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாராவது வேகமாகச் சரிவில் இறங்கினாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன். போன் மணி அடித்தாலும் அப்படியே.

அக்கா போனில் சொல்லத் தொடங்கியிருந்தாள். “காலு வீங்கிக்கினே போவுது. செருப்பு ஏற மாட்டேங்குது.”

“புள்ளத்தாச்சிக்குக் காலு வீங்கறது சகஜம்டி,” என்றார் அம்மா.

பெரிய பந்தயம் மழையில் தொடங்கியது. முதல் நாளே வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். அந்த வருடம் அதில் ஒரு புது விதி இருந்தது. வீரர்களுக்கு அவ்வப்போது சோதனை. ஓர் அணியில் இரண்டு பேருக்குத் தொற்று என்றால் மொத்த அணியும் மூட்டை கட்ட வேண்டும். பந்தயத்தை நடத்துகிற பெரிய மனிதருக்கே தொற்று வந்து ஒதுங்கிப் போனார். ஒவ்வொரு காலையும் இன்றைக்குப் பந்தயம் இருக்குமா என்பதே பந்தயமாக இருந்தது.

எங்கள் தெருவிலும் அதே விதி வந்தது. எல்லையில் சவுக்குக் கழிகளைப் பிரித்து எடுத்தார்கள். எடுத்த கையோடு அவற்றைக் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் கட்டினார்கள், தகரத்தோடு. சொல்தா வீட்டுப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சுத் திணறி, வெள்ளைக் கவச உடை போட்டவர்கள் வந்து ஏற்றிப் போனார்கள். போகும்போது அவர் அம்மாவைப் பார்த்து, “புள்ள பொறந்தா சொல்லியனுப்பு” என்றார்.

அம்மா அந்த வீட்டில் வேலை செய்தவர் என்பதால் எங்கள் மூன்று பேருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். இல்லை என்று வந்தது. ஆனாலும் தெரு திறக்கவில்லை. அண்ணன் தன் அறையில் தனியாக அடைந்துகொண்டார். அவர் செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். லேப்டாப்பைத் திருப்பி, திரை தெருவைப் பார்க்கும்படி ஜன்னலில் வைத்தார். சத்தத்தைக் கூட்டினார். நான் எதிர்த் திட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பிரெஞ்சில் அவர்கள் கத்துவதை இவர் உள்ளேயிருந்து தமிழில் கத்துவார். நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

புரட்டாசி பிறந்தது. ஒன்பதாம் மாதம்.

பந்தயத்தின் கடைசிக்கு முதல் நாள், சனிக்கிழமை. அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து ஓட்ட மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டு, கடைசியில் ஒரு மலை ஏறி, யார் குறைந்த நேரத்தில் போனார் என்று பார்ப்பார்கள். கடைசி இடத்தில் இருப்பவர் முதலில் புறப்படுவார். மஞ்சள் பனியன் போட்ட முதலிடக்காரர் கடைசியில்.

மதியமே அக்கா போன் செய்துவிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. “தலை வலி தாங்கல. கண்ணு மங்கலாத் தெரியுது. சொவத்துல காலண்டர் ரெண்டா தெரியுதும்மா.”

எங்கள் ஊர் நர்ஸ், வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று தெருவில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அப்பா சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அக்காவின் மாமனார் பேசினார்.

“நீங்க வந்து கூப்டுக்கினு போங்க சம்பந்தி. மொதப் பிரசவம். நாங்களா ஏத்தி அனுப்பிட்டா ஊரு இன்னா பேசும்? பொறந்த வூட்டுக்கு வக்கில்லன்னு உங்களத்தான் பேசும்.”

“தெருவ அடச்சி வெச்சிக்கிறாங்களே சம்பந்தி. தெறந்ததும் ஓடியாந்துடறோம்.”

“அப்ப வரட்டும். நாங்க இன்னா தொரத்தறமா?”

“108-க்கு அடிப்பா,” என்றேன்.

“கம்னு இரு. ஆஸ்பத்திரி வண்டில ஏத்துனா கொரோனான்னு எழுதிடுவான். சொல்தா வூட்டம்மா போயி எத்தினி நாளாவுது? மூஞ்சிய யாரு பாத்தா?”

எந்த வீடும் கெட்ட வீடு இல்லை. இன்றைக்கு அது எனக்குத் தெரியும். இரண்டு வீடும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டன. ஒருவர் கூப்பிட வரட்டும் என்று காத்திருந்தார், மற்றவர் தெரு திறக்கட்டும் என்று காத்திருந்தார். நடுவில் அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலண்டர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்து திட்டில் உட்கார்ந்தேன். பார்க்க வேண்டும் என்று அல்ல. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பின்தங்கிய வீரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஒருவர் சட்டென்று இறங்கினார். ஓட்டிவந்த கனமான சைக்கிளை விட்டார். அங்கே ஓர் ஆள் வேறு சைக்கிளை, இலேசானதை, ஏறி உட்காரும் விதமாகப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தான். ஏறினார், போய்விட்டார்.

“மலைக்கு அந்தச் சைக்கிள் ஆவாது,” என்றது ஜன்னலுக்குள்ளிருந்து குரல். “முன்னாடியே ஆள நிறுத்தி வெச்சிருப்பாங்க. வந்தப்புறம் தேடினா போச்சு.”

நான் எழுந்து வீட்டுக்குள் போய் ஆணியிலிருந்த பையை எடுத்தேன்.

அப்பா தெருமுனையில் தகரத்தருகே போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாகச் சைக்கிளைத் தள்ளியபோது அம்மா வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் தொங்கிய பையை எடுத்து, குறுக்காக மாட்டி, வளையல்கள் அசையாதபடி முந்தானையில் கிழித்த துணியைச் சுற்றி அமுக்கினார்.

“உள்ள போவாத. கிட்டப் போவாத. வாசல்ல நின்னு கூப்டு. தெருவே கேக்கற மாதிரி கூப்டு.”

சொல்தா வீட்டுப் பின் ஜன்னலைக் கடக்கும்போது அண்ணன் பார்த்துவிட்டார். “பந்தயத்துல பெரியாளுங்க இன்னும் கெளம்பவே இல்ல. நீ எங்க போற?”

“நான் கெளம்பறேன்,” என்றேன்.

வரப்பில் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். வேகம் குறைந்தால் விழுவீர்கள், கூடினாலும் விழுவீர்கள். முந்தின நாள் பெய்த மழையில் மண் கொழகொழவென்று இருந்தது. செயின் உறை ‘டக் டக்’ என்று தட்ட, பைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வரும்போதெல்லாம் ஒரு வளையல் உடைந்துவிட்டது என்று முழங்கையால் பையை அணைத்துக்கொண்டேன். பாலத்திலிருந்து விழுந்த பையன் நினைவில் வந்தான். வாய்க்காலில் இறங்கிச் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். சூளை மேட்டில் ஏறும்போது யாரோ “எங்கடி போற?” என்று கத்தினார்கள். அங்கே எனக்கு வேறு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. பல்லைக் கடித்து மிதித்தேன்.

பிறகுதான் அந்த வாசல். அந்தக் கேள்வி.

“பெரியவங்க யாருமே இல்லியா?”

மாமியாருக்குப் பின்னால், உள்ளே, அக்கா தெரிந்தாள். முகம் இன்னொருத்தியின் முகம் போல உப்பியிருந்தது. அக்காவின் புருஷன் கிணற்றடியில் கையில் போனை வைத்துக்கொண்டு, யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் மாமியாருக்குப் பதில் சொல்லவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, கத்தினேன்.

“யக்கா! அம்மா வூட்லேர்ந்து கூப்ட வந்துக்கறேன்! வளையல் எட்தாந்துக்கறேன்! கெளம்பு!”

இரண்டாவது முறை கத்தும்போது பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. எதிர்வீட்டுக் கிழவர், “அதான் பொறந்த வூட்லேர்ந்து ஆளு வந்துட்ச்சே. வாசல்ல நிக்கவெச்சி இன்னா கேள்வி?” என்றார்.

“ஆளா இது? கொயந்த! தட்டு இல்ல, பூ இல்ல...”

“வளையலு இருக்குதுல்ல?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. அவளால் எழ முடியவில்லை.

நான் பையைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்றேன். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வந்து எடுத்தார். உள்ளே போய்த் துணியைப் பிரித்தார். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. முறையை விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை. அக்காவின் கையைப் பிடித்து ஒரு பச்சை வளையலை எடுத்து மாட்டினார்.

அது போகவில்லை.

விரல் முட்டியிலேயே நின்றது. கையைக் குவித்து, அழுத்தி, எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, மறுபடி அழுத்தினார். வளையல் உடைந்தது. கையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அவர் விரல் அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அப்படியே நின்றது. சேற்றில் பதிந்த கட்டைவிரல் போல. அது மேலே எழும்பவே இல்லை. அவர் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் பெண்களுக்கு வளையல் போட்ட கை அது. நான் கத்தியது கேட்காத காதுக்கு, அந்தக் கை சொன்னது கேட்டது.

“டேய்!” என்று கிணற்றடியைப் பார்த்து அலறினார். “நின்னுக்கினே கீறியே, ஆட்டோவக் கூப்டுடா! பொண்ணு செத்துடப் போறாடா!”

ஆட்டோ வரும்வரை அவர்தான் அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டோவின் பின்னால் தார்ச்சாலை வரை மிதித்தேன். அதற்குமேல் அது என்னைவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கே அறுத்து எடுத்தார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் இருந்ததாம். நர்ஸ் ஒருவர், “இவ்ளோ நேரம் யாரு வரணும்னு உட்கார்ந்திருந்தீங்க?” என்று திட்டினாராம். மாமியார் தலைகுனிந்து நின்றதாக அக்காவின் புருஷன் பிறகு சொன்னார். அக்கா பிழைத்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த பெண் குழந்தையும் பிழைத்தது.

தெருவை மீறிப் போனதற்காகத் தகரத்தருகே காவல் நின்ற தன்னார்வலர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, மறுநாள் காலை அண்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார். “நேத்து நீ பாக்கல! மஞ்சப் பனியன் போச்சு! கிட்டத்தட்ட ரெண்டு வாரமா வெச்சிருந்தவன், கடைசி மலையில ஒரு சின்னப் பையன்கிட்ட வுட்டுட்டான். அவன் ஊர்க்காரப் பையன்தான். யாருமே நெனைக்கல!”

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் “அந்தச் சைக்கிள்லயா?” என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மா திரும்பி வரவில்லை. குழந்தை பிறந்ததைச் சொல்லியனுப்ப ஆளில்லாமல் போயிற்று. ஐப்பசியில் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். பாட்டிலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் மூக்கில் ஏற்கெனவே இருந்த கடிமேல், பல் முளைத்தபோது அக்காவின் மகள் தன் கடியையும் சேர்த்தாள். பிறகு ஒரு புயல் வெள்ளத்தில் அதுவும் போய்விட்டது. மிஞ்சிய வளையல்களை அக்கா வைத்திருக்கிறாள். இப்போது அவள் கைக்குச் சரியாக இருக்கும். போட்டுக்கொள்ள மாட்டாள்.

நான் இப்போது நர்சிங் மூன்றாம் வருடம். இந்த மாதம் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் பயிற்சி. போன வாரம் கரிக்கலாம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டுக்கு எங்கள் நர்ஸம்மாவும் நானும் போனோம். நிறைமாதப் பெண், என் வயதுதான் இருக்கும். திண்டின்மேல் நீட்டியிருந்த வீங்கிய காலை வாசலிலிருந்து பார்த்ததுமே எனக்குப் போதுமாக இருந்தது. இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே புறப்பட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார்.

அந்தப் பெண்ணின் மாமியார் கைகூப்பினார். “மொதப் பிரசவம்மா. அவங்க அம்மா வூட்லேர்ந்து ஆளு வந்துடட்டும். வந்ததும் அனுப்பிடறேன்.”

“அம்மா வூட்லேர்ந்து நான் வந்துக்கறேன்,” என்றேன். “கூப்ட வந்துக்கறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அந்தக் காலைப் பார்த்த உடனே, செருப்பைக் கழற்றுமுன்பே, நான் ஆட்டோவுக்குப் போன் செய்திருந்தேன்.